சிவப்பும் பச்சையும்

துறைமுகத்தை நோக்கிச் சரக்குப் பெட்டக லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாய்க் காத்து நிற்கும் காட்சி நமக்குப் புதிதன்று. இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவது அத்தொழிலாலேயே. அத்தகைய இல்லத்தில் வளரும் மகனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல் தோன்றுமாயின், அவன் பிழைப்பு என்னாவது?

இதனை நிறக்குருடு என்பர். ஆயினும் இது குருடன்று. விழித்திரையில் நிறம் உணரும் கூம்பணுக்கள் மூவகை. அவற்றுள் ஒருவகை பழுதுற்றால் சில நிறங்கள் மயங்கும். பார்வைக் கூர்மை பொதுவாகக் குன்றுவதில்லை. சிவப்பு, பச்சைக்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளன. ஆதலின், நிறங்களைச் செவ்வனே காணும் தாய் வழியாகவும் இக்குறை மகனை வந்தடையும். இதற்காக எவரையும் பழித்தல் தகாது.

ஓட்டுநர் உரிமப் படிவம் முன்னர், சிவப்பையும் பச்சையையும் எளிதில் பிரித்தறிய இயலுமா என வினவியது. 2020 ஜூனில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, இலேசான, நடுத்தரக் குறையுடையோர் உரிமம் பெற வழி செய்தது. கடுங்குறையுடையோர்க்கு அவ்வழி திறக்கவில்லை.

இவ்வேறுபாட்டில் நியாயம் உண்டு. சாலை விளக்குக் கம்பத்தில் சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறம் மயங்கினும் இடம் கைகொடுக்கும். ஆனால் இரவில் எதிர்வரும் கப்பலின் இடப்புறச் சிவப்பு விளக்கையும் வலப்புறப் பச்சை விளக்கையும் நிறத்தாலன்றி எதனால் அறிவது? ஆகவேதான் கப்பலிலும் இரயில் எஞ்சினிலும் விதிகள் கடுமையாயுள்ளன. சாலையிலும், சிலவகைக் குறையுடையோர்க்குச் சிவப்பு மங்கித் தெரியும். முன்செல்லும் வண்டியின் பிரேக் விளக்கைத் தாமதமாய் உணரக்கூடும். அவர்கள் இடைவெளி விட்டு ஓட்டுதல் நன்று.

எல்லாத் தொழில்களும் இவ்வாறு அடைபடுவதில்லை. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் இக்குறையைக் காட்டி உதவிப் பொறியாளர் பணியை மறுத்த ஓர் இளைஞருக்கு, அப்பணியை வழங்குமாறு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெற்றோரே, மகன் தொழிலைத் தேர்ந்தெடுக்குமுன் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட புள்ளி அட்டைகளைக் கொண்டு சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். அட்டையின் எண்களை மனப்பாடம் செய்து தேறுவது பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும். குறையை அறிவது இழிவன்று. அதை மறைத்து ஓட்டுவதே ஆபத்து.