பிரசவத்துக்குப் பணம்... பாதுகாப்புக்கு?

"ஏனுங்க வைத்தியரே, பிரசவத்துக்குப் பதினெட்டாயிரம் தர்றாங்களே, அப்ப ஆஸ்பத்திரியும் பத்திரமாத்தானே இருக்கோணும்?" வெள்ளகோவிலில் மருமகளைக் கூட்டிவரும் மாமியார்கள் கேட்கிற கேள்வி இது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி, 1987ல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு 18,000. தவணைக்காகவாவது கர்ப்பத்தைப் பதிகிறார்கள், செக்கப்புக்கு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால், பணம் தாயை வாசல்வரைதான் கொண்டுவரும். பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்கவில்லையா? அப்போது காப்பது ரத்தமும், குளிரில் பத்திரப்படுத்திய ஆக்ஸிடோசின் ஊசியும், ராத்திரி ரெண்டு மணிக்கும் விழித்திருக்கும் நர்சும்தான். (பிரசவ லேகியம் கிண்டுகிற நானே சொல்கிறேன், அந்த நேரத்துக்கு லேகியம் ஆகாது!) ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்த்தது, ஒவ்வொரு தாய் மரணத்தையும் விசாரித்தது... தமிழ்நாட்டில் உயிர்கள் பிழைத்ததற்கு இவையே பெரிய காரணம் என்பேன்.

இங்கிலாந்தில் 2018 முதல் ஆஸ்பத்திரிக்கே ஊக்கத்தொகை. பத்துப் பாதுகாப்பு வேலைகளை முடித்தால், கட்டிய கூடுதல் காப்பீட்டுப் பணம் திரும்பும். முடித்ததாகத் தாங்களே எழுதிக்கொடுத்து வாங்கிய சில ஆஸ்பத்திரிகள், பிறகு திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று!

நம்ம ஊர்த் தனியார் பில்லிலோ ஆபரேஷனுக்குத்தான் கூடுதல் காசு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு 64 சிசேரியன், அரசில் 36. எல்லாமே தேவையில்லாதவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிகிறதல்லவா?

தவணை எப்போ வரும் என்று கேட்கும்போதே, ராத்திரியில் டாக்டர் இருப்பாரா, ரத்தம் எங்கிருந்து வரும், சிக்கலானால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்பதையும் ஏழாம் மாசமே கேட்டு வையுங்கள்.