மோட்டார் வண்டியில் இசையும் மின்கம்பியும்

நெடும்பயணத்திலே இனிய சங்கீதம் துணைவருமாயின் வழிக்களைப்புத் தோன்றாது. அதனாலேயே இளைஞர் பலர் தம் மோட்டார் வண்டிகளில் ஆற்றல் மிக்க அம்பிளிபயர்களைப் பொருத்துகின்றனர். கருவிகளுக்குப் பெரும்பணம் செலவிடும் அவர்களுட் சிலர், கம்பி வாங்கும்போது மட்டும் சிக்கனம் பேணுகின்றனர். வண்டி தீப்பற்றுவதற்கு இச்சிக்கனம் ஒன்றே போதும். அதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

ஒலிபெருக்கிக்கு 500 உவாற்று வலுவை அளிக்கும் 'டி' வகுப்பு அம்பிளிபயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தான் பெறும் வலுவில் நூற்றுக்கு 80 பங்கை இது ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறது என்று கொண்டால், முழு வேகத்தில் இயங்கும்போது பற்றறியிலிருந்து 625 உவாற்றுப் பெறவேண்டும். அழுத்தம் 12.5 உவோற்று எனின், மின்னோட்டம் 50 அம்பியர் ஆகும். வீட்டிலே 230 உவோற்றில் இயங்கும் 2000 உவாற்று மின்கேத்தல்கூட 9 அம்பியருக்குக் குறைவாகவே பெறுகிறது. அழுத்தம் குறைந்தால் அதே வலுவுக்கு மின்னோட்டம் பெருகும் என்பதை மாணவர் அறிவர்.

பற்றறி வண்டியின் முன்னும், அம்பிளிபயர் பின்னும் இருக்க, இடைத்தூரம் 5 மீற்றர் என்போம். வீட்டுக்குரிய 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியை இட்டால், வழியிலேயே 1.75 உவோற்று இழக்கப்படும். 87 உவாற்று வெப்பம் கம்பியிற் பிறக்கும். கம்பளத்தின் கீழ் மறைந்துள்ள அதன் உறை உருகுவதற்கு வேறென்ன வேண்டும்? 21 சதுர மில்லிமீற்றர் கொண்ட 4ஆம் இலக்கக் கம்பியாயின் இழப்பு 0.2 உவோற்றளவே, வெப்பமும் 10 உவாற்றளவே. இலக்கம் குறையக் கம்பி தடிக்கும் என்பதை நினைவிற் கொள்க.

செம்பு பூசிய அலுமினியக் கம்பிகளும் கடைகளில் உண்டு. சுரண்டினால் உள்ளே வெண்மை தெரியும். மின்னைக் கடத்துவதில் இவை செம்பின் மூன்றில் இரண்டு பங்களவே வல்லன. இவற்றை வாங்குவோர் ஓர் அளவு தடித்ததை வாங்குதல் வேண்டும்.

அடுத்தது உருகி. அம்பிளிபயரிலேயே உருகி இருக்கிறதே என்று சிலர் வாளாவிருப்பர். இது பெருந்தவறு. வழியிலே உறை தேய்ந்து கம்பி வண்டியின் இரும்பிற் பட்டால், பற்றறி பல நூறு அம்பியரைப் பாய்ச்சும். அம்மின்னோட்டம் அம்பிளிபயரை அடைவதேயில்லை. அங்குள்ள உருகி எவ்வாறு அறியும்? ஆகவே, பற்றறியிலிருந்து 45 சதமமீற்றருக்குள் வேறோர் உருகி அமைத்தல் அவசியம். நாம் கூறிய கம்பிக்கு 60 அம்பியர் உருகி பொருந்தும். இயந்திர அறையிலிருந்து கம்பி உள்ளே நுழையும் துளைக்கு இறப்பர் வளையம் இடுதலும் வேண்டும்.

சென்ற மின்னோட்டம் திரும்பவும் வேண்டுமன்றோ? எனவே நிலக்கம்பியும் அதே தடிப்பினதாய், இயன்றவரை குறுகியதாய் இருத்தல் வேண்டும். வண்டியின் உடலிற் பூச்சைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் இறுகப் பூட்டுக. ஆசனப்பட்டியின் ஆணியை இதற்குப் பயன்படுத்தலாகாது. இணைப்புத் தளர்ந்தால் இசையுடன் இரைச்சலும் கலக்கும்; அவ்விடம் சூடேறும். பற்றறியின் எதிர்முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையேயுள்ள பழைய கம்பி மெலிந்ததாயின், அதனையும் மாற்றுதல் நன்று.

வேலையைத் தொடங்குமுன் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றிவிடுக. குடும்பத்தார் கூடிச் செல்லும் வண்டியிலே, கண்ணுக்குத் தெரியாத கம்பிக்குச் செலவிடும் பணம் ஒருபோதும் வீண்போகாது.