பச்சையெல்லாம் காடல்ல

கொடைக்கானல் மலைச் சாலைகளில் பைன், தைல மரம், வாட்டில் எனப்படும் சீகை மரம் ஆகியவற்றைப் பார்த்து, "எவ்வளவு அடர்ந்த காடு!" என்று வியப்பவர்கள் அதிகம். அந்த மரங்களில் பல நிற்கும் இடம் ஒரு காலத்தில் புல்வெளி.

கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரில் 1973 முதல் 2014 வரை நடந்த மாற்றத்தைச் செயற்கைக்கோள் படங்கள், கள ஆய்வு ஆகியவற்றின் துணையோடு அரசுமணி, ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2018இல் வெளியிட்டார்கள். இந்த மலைக்கே உரிய இயற்கைக் காடான சோலைக்காடு 31 சதவீதம் குறைந்திருந்தது. புல்வெளியோ 66 சதவீதம் போயிருந்தது. சோலை அழிவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அதைவிடப் பெரிய இழப்பு கவனத்துக்கு வரவே இல்லை.

பிரிட்டிஷார் புல்வெளியைத் தரிசு என்று கருதினார்கள். தோல் பதனிட உதவும் பட்டைக்காகச் சீகை நடப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. ஆனால், வரையாடு மேய்வதும், நீலகிரி நெட்டைக்காலி கூடு கட்டுவதும், குறிஞ்சி பூப்பதும் இந்தப் புல்வெளியில்தான். வைகைக்கும் அமராவதிக்கும் நீர் தருவது இந்த மலை.

எது புல், எது சீகை?

வானிலிருந்து பார்த்தால் சோலையும் சீகைத் தோப்பும் ஒரே பச்சை. அவற்றைப் பிரித்தறியத்தான் செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகின்றன. எவ்வளவு அனுப்புகின்றன என்பது இலையின் அமைப்பையும் அதிலுள்ள நீரின் அளவையும் பொறுத்து மாறும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இந்த ஒளியை 13 அலைவரிசைகளில் பதிவுசெய்கின்றன. பருவமும் கைகொடுக்கிறது: உறைபனிக் காலத்தில் புல் கருகிப் பழுப்பாகும், சீகை பச்சையாகவே இருக்கும்.

முதலில் ஆய்வாளர்கள் மலையேறி, 'இங்கே புல், இங்கே சீகை, இங்கே சோலை' என்று ஜிபிஎஸ் கருவியில் குறித்து வருகிறார்கள். அந்த இடங்களின் ஒளிப்பதிவைக் கொண்டு கணினி பழகுகிறது. இதற்குப் பரவலாகப் பயன்படும் முறை 'ரேண்டம் ஃபாரஸ்ட்'. நூற்றுக்கணக்கான 'முடிவு மரங்கள்' தனித்தனியே கணிக்க, ஊர்க்கூட்டத்தில் கைதூக்குவதுபோலப் பெரும்பான்மை எதுவோ அதுவே விடையாகிறது. பிறகு, யாரும் கால்வைக்காத சரிவுகளுக்கும் அதே முறையில் விடை கண்டு, மலை முழுவதற்கும் வரைபடம் வரையலாம்.

வரைபடம் கையில், அடுத்து என்ன?

சென்டினல்-2 படத்தின் மிக நுண்ணிய கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அந்த 100 சதுர மீட்டர் புல்லுக்கு நடுவே முழங்கால் உயரச் சீகைக் கன்று ஒன்று நின்றால் கணினிக்குத் தெரியாது. அந்த வழியில் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். அந்தக் கன்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். மரமாக வளரவிட்டால் கதை வேறு. அதன் விதைகள் பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் விழுந்ததும் கூட்டமாக முளைத்துவிடும். பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகளும் வளர்கின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் அவையும் போய்விடும்.

ஆகவே, எங்கே வெட்டுவது என்பதைவிட எங்கே முதலில் காப்பது என்பதற்கே இந்த வரைபடம் பயன்பட வேண்டும். புல்வெளி இன்னும் சிதையாமல் இருக்கும் இடங்களில், சீகை நுழையத் தொடங்கும் விளிம்புகள்தாம் முதல் வேலைக்களம். அங்கே செலவு குறைவு, பலன் அதிகம். அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்கத் தமிழக அரசு 2022இல் கொள்கை வகுத்திருக்கிறது. அதன்படி வேலை நடக்கும் ஒவ்வொரு வனச்சரகத்துக்கும் ஆண்டுதோறும் புதுப்பித்த வரைபடம் போய்ச் சேரட்டும். காவலர்கள் களத்தில் காணும் பிழைகளைத் திருத்தி அனுப்பினால், அடுத்த ஆண்டு வரைபடம் இன்னும் துல்லியமாகும். மரம் நடும் திட்டம் எதுவானாலும், 'இந்த இடம் புல்வெளியா?' என்று வரைபடத்தைப் பார்த்த பிறகே குழி தோண்ட வேண்டும்.