வேலை கோரும் மனுவும் ரசீதும்

சாயல்குடியைச் சூழ்ந்த மானாவாரிக் கிராமங்களில், பருவமழையை நம்பிய சாகுபடி முடிந்தபின் கூலியாட்களுக்கு வேலை அரிது. இக்குறை நீங்கும் பொருட்டு 2005-இல் இயற்றப்பெற்ற தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 2008 ஏப்ரலில் இராமநாதபுரம் ஜில்லாவுக்கும் விரிவாக்கப்பட்டது.

18 வயது நிரம்பி, உடலுழைப்புக்கு இசைந்தோர் உள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலை என அச்சட்டம் விதித்தது. சாயல்குடி பேரூராட்சியாதலின், சுற்றுக் கிராம ஊராட்சிகளில் வசிப்போரே இதற்கு உரியராயினர்.

கண்மாய், ஊருணி முதலியவற்றைத் தூர்வாரும் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்றது. தளவாடச் செலவில் காற்பங்கு மாநிலத்தைச் சேர்ந்தது. மனுச்செய்த 15 நாட்களுக்குள் வேலை தரப்படாவிடில், முதல் 30 நாட்களுக்குக் கூலியில் காற்பங்குக்கும், அதன்பின் அரைப்பங்குக்கும் குறையாத படியை மாநிலமே அளிக்கவேண்டியிருந்தது. இக்கெடு மனுவின் தேதி முதல் எண்ணப்பட்டமையால், தேதியிட்ட ரசீது பெறாதவர் படி கோருவதற்குச் சான்றின்றி நின்றனர்.