உறையில் இட்ட கத்தி

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, நுண்ணுயிரியல்)

சென்ற பருவச் செய்முறை வகுப்பில், பால் கலந்த அகர்த் தட்டில் பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவைக் கோடிட்டு வளர்த்தோம். மறுநாள் பார்த்தால், வெண்ணிறத் தட்டில் அது வளர்ந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடி போலத் தெளிந்த வளையம்! பாலிலுள்ள கேசின் என்னும் புரதத்தை அது செரித்துவிட்டதற்கு அதுவே அடையாளம். மகிழ்ந்து நின்ற என்னைப் பேராசிரியர் கேட்டார்: “பாக்டீரியாவின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். கேசினைச் செரித்த நொதி, தன்னைப் பெற்ற செல்லையே ஏன் செரிக்கவில்லை?” நான் விழித்தேன். பின்னர் நூலகத்தில் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

வெளியே செரிக்கும் உயிர்

பாக்டீரியாவுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. புரதமோ பெரிய மூலக்கூறு. செல் சவ்வைக் கடந்து உள்ளே வாராது. ஆகவே பாக்டீரியா நொதியை வெளியே அனுப்பிப் புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, அத்துண்டுகளையும் அமினோ அமிலங்களையும் உறிஞ்சிக்கொள்கிறது. எளிதில் கிடைக்கும் உணவு குறைந்து வளர்ச்சி தளரும் தறுவாயில்தான் இந்நொதிக்குரிய ஜீன் முழுவீச்சில் இயங்குகிறது. பஞ்சம் வந்தால்தான் கத்தியை எடுக்கிறது எனலாம்.

மூன்று பகுதிச் சங்கிலி

அந்தக் கத்தியின் பெயர் சப்டிலிசின். ரைபோசோமில் அது 381 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாக உருவாகிறது. ஆனால், வேலை செய்யும் நொதியில் இருப்பவை 275 மட்டுமே. எஞ்சிய 106 எதற்கு?

முதல் 29 ஒரு முகவரிச் சீட்டு. ‘இது வெளியே செல்ல வேண்டியது’ என அது அறிவிக்கிறது. புரதங்களில் இத்தகைய முகவரி இருப்பதைக் கண்டறிந்ததற்காகவே குந்தர் புளோபெல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். சங்கிலி மடியாமல், நீட்டிய நூலாகவே சவ்விலுள்ள குறுகிய வாயில் வழியே தள்ளப்படுகிறது; இதற்கு ஏடிபி ஆற்றல் தருகிறது. வாயிலைக் கடக்கையில் முகவரிச் சீட்டை வேறொரு நொதி வெட்டி நீக்குகிறது.

அடுத்த 77தான் உறை. வெளியே வந்த நூல் சரியான வடிவில் மடிய அது அச்சாக உதவுகிறது. வெட்டும் இடத்தையும் மூடிக்கொள்கிறது. மடிந்து முடிந்ததும் நொதி தன் உறையைத் தானே வெட்டித் தின்றுவிட்டுத் தொழிலைத் தொடங்குகிறது. இந்த 77 இல்லாவிட்டால் செயல்படும் சப்டிலிசின் உருவாவதில்லை என்பதை 1987இல் சோதனை காட்டியது.

ஆக, செல்லுக்குள் இருப்பது கூரற்ற நூல்; கத்தியாவது வெளியேதான். வெளியிலோ செல்லைத் தடித்த சுவர் காக்கிறது. அச்சுவரின் முக்கியப் பொருள் புரதமன்று. வேலியே பயிரை மேயாதிருக்கும் வித்தை இதுவே!

முடிவுரை

நான் பிறந்தது ஆம்பூர். என் தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கலவையில் வேலை செய்து வெடித்த அவர் கைகளை நான் அறிவேன். பாக்டீரியாவின் புரதம் செரிக்கும் நொதிகளால் மயிர்க்காலைத் தளர்த்தி, சல்பைடைக் குறைக்கும் முறைகளைச் சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து வந்துள்ளது. ஆனால் தோலும் புரதமே. மயிரை விடுவித்து, தோலைத் தொடாத கத்தி வேண்டும். பேராசிரியர் கேட்ட கேள்வியேதான் இங்கும்! அந்தத் தெளிந்த வளையத்தை இப்போது காணும்போதெல்லாம் எனக்குத் தந்தையாரின் கைகளே நினைவுக்கு வருகின்றன.