உண்ணிக் காய்ச்சல்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

மாட்டின் காதில் உண்ணி பிடுங்கிப் பழகாத கிராமத்துப் பிள்ளைகள் அரிது. அந்த உண்ணியின் உறவினம் ஒன்று மனித உயிருக்கே உலை வைக்கும் என்பதைச் சென்ற ஆண்டுதான் நான் அறிந்தேன்.

நாளிதழ்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என எழுதுவது 'ஸ்க்ரப் டைபஸ்' என்னும் நோயையே. இதைப் பரப்புவது மாட்டுண்ணி அன்று. புதரிலும் புல்லிலும் வாழும் சிற்றுண்ணியின் இளவுயிரி. வளர்ந்த சிற்றுண்ணிக்கு 8 கால்கள். இதற்கு 6 கால்களே. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. எலிகளின் உடலில் உணவு கொள்ளும் இது, புதர்ப்பக்கம் செல்லும் மனிதரையும் கடிக்கிறது. அப்போது 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்னும் பாக்டீரியா உடலுள் நுழைகிறது. தாய்ச் சிற்றுண்ணியின் முட்டை வழியே குஞ்சுகளுக்கும் இக்கிருமி செல்கிறது. ஆதலால் நோய் ஓர் இடத்தை விட்டு எளிதில் அகல்வதில்லை.

கடித்த 10 நாளளவில் காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். கிருமி இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் தங்கிப் பெருகுகிறது. ஆகவே சிகிச்சை தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை எனப் பல உறுப்புகளும் தாக்குண்டு செயலிழக்கக்கூடும். உறுப்புகளின் தாங்குதிறன் குறைந்த முதியோருக்கு ஆபத்து மிகுதி.

களையெடுக்கச் சென்று வந்த என் அப்பத்தாவுக்கு வயது 68. காய்ச்சல் வந்தபோது கஷாயம் கொடுத்தோம். ஏழாம் நாள் மூச்சு வாங்கியது; சிறுநீர் குறைந்தது. மருத்துவமனையில் சேலை மாற்றிய செவிலியர், பாவாடை நாடா கட்டும் இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்புண் ஒன்றைக் கண்டார். "எத்தனை நாளா இருக்கு பாட்டி?" என்றார். "வலிக்கலையே தாயி, அதான் சொல்லல" என்றார் அப்பத்தா. அந்தப் புண்தான் நோயைக் காட்டிக் கொடுத்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த நான், அதைத் தேடிப் பார்க்கவும் அறியாதிருந்தேன்.

இப்புண் வலிக்காது, அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு போன்ற மறைவிடங்களில் இருக்கும். எல்லாருக்கும் தோன்றுவதில்லை, ஆதலால் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். பென்சிலின் இதற்குப் பயன்படாது. விலை மலிந்த டாக்சிசைக்ளினை உரிய காலத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் தணியும். நோய் முற்றியவர்களுக்கு அதனுடன் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது மேலானது என, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்பத்தா பிழைத்துக்கொண்டார். நண்பர்களே! புல்லறுத்தும் களையெடுத்தும் நம்மைப் படிக்க அனுப்பியவர்கள் வலிக்காத புண்ணைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். காய்ச்சல் என்று அவர்கள் படுத்தால் நாம்தான் கேட்க வேண்டும். தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, வயலுக்குப் போய் வந்ததையும் சொல்ல வேண்டும். கற்ற கல்வி முதலில் வீட்டுக்குப் பயன்படட்டும்.