கயிறு யார் கையில்?

படகில் இருந்து கடலுக்குள் குதிக்கிறாள் ஒரு பெண். அவள் இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறு நுனி, படகில் இருப்பவன் கையில்.

பத்து நொடி ஆகிறது. இருபது நொடி ஆகிறது. நாற்பது நொடியும் ஆகிவிட்டது. பெண்ணைக் காணோம்!

ஐம்பதாவது நொடி. கயிறு அசைகிறது. படகில் இருப்பவன் மளமள என்று கயிற்றை இழுக்கிறான். பெண் மேலே வருகிறாள். அவள் கையில் பெரிய சிப்பி!

கயிற்றைப் பிடித்து இருந்தவன் யார்?

அவளுடைய கணவன்!

கடல் பெண்கள்

இது ஜப்பான் நாட்டுக் காட்சி. அங்கே மீயே மாநிலத்தில் டோபா, ஷிமா என்ற கடற்கரைப் பகுதிகள் உள்ளன. அந்த ஊர்ப் பெண்கள் கடலில் மூழ்கிப் பிழைக்கிறார்கள். அவர்களுக்கு "ஆமா" என்று பெயர். நாம் சொல்லும் "ஆமாம்" அல்ல! "கடல் பெண்" என்று அதற்குப் பொருள்.

பாறையில் ஒட்டிக்கொண்டு இருக்கும் "அபலோன்" என்ற ஒற்றை ஓட்டுச் சிப்பியை இவர்கள் பெயர்த்து எடுப்பார்கள். ஜப்பானியர் அதை விரும்பிச் சாப்பிடுவார்கள். விலையும் அதிகம். நத்தை, கடல்பாசி ஆகியவற்றையும் எடுப்பது உண்டு.

முதுகில் காற்றுக் குப்பி கிடையாது. மூக்கில் குழாய் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்க வேண்டும். ஒரு தடவை மூழ்கினால் ஏறக்குறைய 50 நொடி. அதற்குள் சிப்பியைத் தேட வேண்டும், பெயர்க்க வேண்டும், மேலே வந்துவிட வேண்டும்.

வந்ததும் வாயைக் குவித்து மூச்சை விடுவார்கள். அது விசில் அடிப்பதுபோல் கேட்கும். அந்த ஓசையைக் கேட்டால், "உயிரோடு வந்துவிட்டாள்" என்று அர்த்தம்.

கணவன் வேலை என்ன?

ஆமாக்களில் இரண்டு வகை உண்டு. கரையோரத்தில், மிதக்கும் மரத் தொட்டியைத் துணையாகக்கொண்டு தனியாக மூழ்குவது ஒரு வகை. கணவனோடு படகில் போய் ஆழமான இடத்தில் மூழ்குவது இன்னொரு வகை.

ஆழத்தில் மூழ்குகிறவள் கனத்த குண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள். அது அவளை விரைவாகக் கீழே கொண்டுபோகும். நீந்திப் போனால் பாதி மூச்சு வழியிலேயே தீர்ந்துவிடும் அல்லவா?

மேலே வரும்போதும் அவள் நீந்துவது இல்லை. கயிற்றை அசைப்பாள். கணவன் இழுப்பான். அவன் அந்த நேரத்தில் பராக்குப் பார்த்தால்? தூங்கி வழிந்தால்? மனைவியின் கதி என்ன ஆவது?

ஸெய் ஷோனாகோன் என்ற பெண்மணி, சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானிய அரண்மனையில் இருந்தவர். இந்தக் காட்சியை அவரும் எழுதி வைத்து இருக்கிறார். "பெண் கடலுக்குள் உயிரைப் பணயம் வைக்கிறாள், ஆண்பிள்ளை படகில் சுகமாக உட்கார்ந்து இருக்கிறானே!" என்பதுபோல் கோபித்துக்கொள்கிறார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கயிறு பிடிப்பவனுக்கும் அந்த 50 நொடியும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

குடிசையில் குதூகலம்

குளிர்ந்த நீரில் கிடந்துவிட்டுக் கரை ஏறும் பெண்களுக்கு உடம்பு வெடவெட என்று நடுங்கும். அவர்களுக்காகக் கடற்கரையில் குடிசைகள் உண்டு. நடுவில் நெருப்பு எரியும். சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வார்கள். சிப்பியையும் நத்தையையும் சுட்டுத் தின்பார்கள். ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் பேசுவார்கள். அதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு!

டோபாவை அடுத்த சுகஷிமா தீவில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஒரு திருவிழா நடக்கும். சங்கு முழங்கியதும் ஆமாக்கள் கடலில் பாய்வார்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்றாக ஒரு ஜோடி அபலோனை முதலில் எடுக்க வேண்டும். அதைக் கோவிலுக்குக் காணிக்கை ஆக்குவார்கள். எடுத்தவளுக்கு அந்த ஆண்டு முழுவதும் மரியாதை!

அவர்கள் தலைத்துணியில் ஒரு நட்சத்திரம் தைத்து இருப்பார்கள். கையை எடுக்காமல் ஒரே கோட்டில் நட்சத்திரம் வரைந்தால், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். அதுபோல், மூழ்கியவளும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும் என்பது நம்பிக்கை.

எப்போது கல்யாணம்?

"கணவனுக்குச் சோறு போட முடியாதவள் முழுப் பெண் அல்ல" என்று அந்தக் காலத்தில் ஆமாக்களின் ஊரில் பேசிக்கொள்வார்களாம். தொழில் கற்றுத் தன் காலில் நின்ற பிறகே பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு!

மாப்பிள்ளையை எப்படித் தேர்ந்து எடுப்பது? இதைப்பற்றி ஒரு நாவலே இருக்கிறது. யுகியோ மிஷிமா என்ற எழுத்தாளர் 1954-ல் எழுதினார். அதன் பெயருக்கு "அலை ஓசை" என்று பொருள். (நம் கல்கியும் அதே பெயரில் ஒரு நாவல் எழுதி இருக்கிறார்!)

கதையில், பணக்காரர் ஒருவரின் மகளை ஏழை மீனவ வாலிபன் காதலிக்கிறான். அவள் ஆமா. பணக்கார வாலிபன் ஒருவனும் அவளை விரும்புகிறான். தகப்பனார் இருவரையும் தம் கப்பலில் வேலைக்கு அனுப்புகிறார். புயல் அடிக்கிறது. கப்பலைக் கட்டிய கம்பி அறுந்துபோகிறது. கொந்தளிக்கும் கடலில் கயிற்றோடு நீந்திப் போய், மிதவையில் கட்டிவிட்டு வருகிறான் ஏழை வாலிபன். பெண் அவனுக்கே!

தகப்பனார் பார்த்தது பணத்தை அல்ல. எவனை நம்பிக் கயிற்றைக் கொடுக்கலாம் என்றுதான் பார்த்தார்.

நம் நாட்டிலும் இது தெரியாத விஷயம் அல்ல. தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் ஆண்கள். கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் வைப்பார்கள் என்று சொல்வது உண்டு. அக்காள் தங்கையின் தாலிக்காக அவன் கண் இமைக்காமல் பார்த்துக்கொள்வான் அல்லவா!

சிப்பிக்கும் வயது உண்டு

மீயே மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. 10.6 சென்டிமீட்டருக்குக் குறைந்த அபலோனை எடுக்கக்கூடாது. எடுத்தாலும் கடலிலேயே விட்டுவிட வேண்டும். அது இன்னும் வளரவேண்டும் என்பதுதான் காரணம்.

சிப்பிக்கே வளரும் காலம் கொடுக்கிறார்கள். பெண்ணுக்குக் கொடுக்க வேண்டாமா? நம் நாட்டில் பெண்ணுக்கு 18 வயது, ஆணுக்கு 21 வயது ஆகவேண்டும் என்று 1978-ல் சட்டம் திருத்தினார்கள். ஜப்பானிலோ 1950-ல் பெண்கள் சராசரியாக 23 வயதில் முதல் திருமணம் செய்துகொண்டார்கள். 2020-ல் அது 29-ஐத் தாண்டிவிட்டது.

ஆமாக்களும் குறைந்துவிட்டார்கள். 1956-ல் ஜப்பான் முழுவதும் 17 ஆயிரம் பேருக்குமேல் இருந்தார்கள். 2010-ல் சுமார் 2 ஆயிரம் பேர்தான். பெரும்பாலோர் வயதானவர்கள். இளம் பெண்கள் பட்டணத்து வேலைக்குப் போய்விட்டார்கள். சிப்பியும் குறைந்துவிட்டது. 2017-ல் ஜப்பானிய அரசாங்கம் டோபா, ஷிமா ஆமாக்களின் தொழிலைப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

தொழில் நிலைக்குமோ, மறையுமோ! ஆனால் அந்தப் படகு சொல்லும் பாடம் மறையக் கூடாது.

கல்யாண வயது வந்த பிள்ளைகளே! பெற்றோர்களே! சட்டம் சொன்ன வயது ஆகிவிட்டதா என்று பாருங்கள். சொந்தக் காலில் நிற்க முடியுமா என்று பாருங்கள். அதற்குமேல் ஒன்று இருக்கிறது. நாம் ஆழத்தில் தவிக்கும்போது, மேலே இருந்து கண் இமைக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பவர் இவர்தானா என்று பாருங்கள்.

"ஆமாம்" என்று மனது சொன்னால், அன்றைக்கே நல்ல நாள்!